பேரையூர்ப் பக்கம் 3 ஏக்கர் 20 சென்ட் புஞ்சை: ஆடு, கோழி வளர்க்க முதலில் எதைச் செய்வது?

புஞ்சைக்குப் புதுசு:

எல்லோருக்கும் வணக்கம். மதுரை பழங்காநத்தத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அப்பா காலத்தோடு விவசாயம் விட்டுப்போனது. போன தை மாதம் பேரையூருக்கும் எழுமலைக்கும் நடுவே 3 ஏக்கர் 20 சென்ட் புஞ்சை கிரயம் முடித்தோம். வீட்டுக்காரம்மாவின் ஊர் அங்கேதான். மச்சினன் ஊரிலேயே இருக்கிறார், அவர் வீட்டிலிருந்து நிலத்துக்கு நடந்தே போய்விடலாம்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். முக்கால்வாசி கரிசல். மேற்கே ஓடையை ஒட்டி அரை ஏக்கர் போலச் செவல், அது மட்டும் கொஞ்சம் மேடு. பாதி நிலம் சீமைக்கருவேல், உள்ளே ஆள் நுழைய முடியாது. நடுவில் ஒரு பழைய கிணறு இருக்கிறது. கல்கட்டு பாதி சரிந்துவிட்டது, அடியில் தண்ணீர் தெரிகிறது. கரண்ட் கிடையாது. வேலி என்று எதுவும் இல்லை. கிழக்கே ஒரு வரிசைப் பனை நிற்கிறது, அதுதான் எல்லை என்கிறார்கள். தெற்கே பக்கத்துக்காரர் பருத்தி போடுகிறார். வடக்கே வண்டிப்பாதை.

20 வெள்ளாடு, 50 நாட்டுக்கோழி, வீட்டுப் பாலுக்கு ஒரு மாடு, இதுதான் ஆசை. லட்சம் லட்சமாகச் சம்பாதிக்கும் கணக்கெல்லாம் போடவில்லை. கடையை மூடிவிட்டுப் போகிற வயதில் கைக்கு ஒரு வேலை இருக்கட்டும் என்றுதான்.

இப்போது சிக்கல் என்னவென்றால், ஆடி பிறப்பதற்குள் ஆட்டை இறக்கிவிடலாம், ஒரு தகரக் கொட்டகை போட்டால் போதும் என்று மச்சினன் ஒற்றைக்காலில் நிற்கிறார். திருமங்கலம் சந்தையில் தெரிந்த தரகர் இருக்கிறாராம். கையில் இருக்கிற பணத்துக்கு வேலி, கொட்டகை, போர்வெல் மூன்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. எதை முதலில் செய்வது? செவல் மேட்டில் கொட்டகை போடலாமா? கருவேலை மொத்தமாக ஜேசிபி வைத்துத் தள்ளிவிடலாமா? எந்த ஆடு வாங்குவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மேலூர்ச் செம்மண்:

பனையை எல்லை என்று சொல்வதை நம்பி ஒரு கல்லைக்கூட ஊன்றிவிடாதீர்கள். வேலிக்குச் செலவழிக்கும் முன் எஃப்-லைன் அளவைக்கு, அதாவது சர்வேயர் வந்து எல்லையை அளந்து காட்டுவதற்கு, மனுக் கொடுங்கள், இ-சேவை மையத்திலேயே கொடுக்கலாம். சர்வேயர் வந்து அளக்கிற அன்று பக்கத்து நிலத்துக்காரர்கள் எல்லோரையும் வரச் சொல்லுங்கள். அன்றைக்கு வராதவர்தான் வேலி போட்ட பிறகு அரிவாளோடு வருவார்.

பட்டா உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா? பத்திரம் பதிந்தாலே எல்லாம் முடிந்தது என்று இருப்பவர்கள் நிறைய. புல வரைபடத்தையும், எந்த நிலம் என்ன வகை என்று எழுதியிருக்கிற அ-பதிவேட்டையும் எடுத்து, ஓடை எந்தப் புல எண்ணில் போகிறது என்று பாருங்கள். அந்தச் செவல் மேட்டில் பாதி ஓடைப் புறம்போக்காக இருந்தால் கொட்டகைப் பேச்சே எடுக்க வேண்டாம். வடக்கே இருக்கிற வண்டிப்பாதை வரைபடத்தில் இருக்கிறதா, இல்லை பழக்கத்தில் விடுகிறார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழக்கத்தில் விடுகிற பாதை, நீங்கள் வேலி போட்ட மறுநாள் அடைபடும்.


கல்லுப்பட்டி அக்கா:

தம்பி, நான் டி.கல்லுப்பட்டிக்குத் தெற்கே கரிசல்காட்டில் கன்னி ஆடு வைத்திருக்கிறவள். உங்கள் இடத்தைப் பார்க்காமலே பாதி கண்ணில் தெரிகிறது. வேலி, கொட்டகை, போர் என்று எல்லாம் கேட்டிருக்கிறீர்கள். ராத்திரி அங்கே யார் படுப்பது என்று மட்டும் சொல்லவில்லை.

மச்சினன் வீடு நடக்கிற தூரம் என்கிறீர்கள். நடக்கிற தூரத்துக்கு ஆடு கத்துவது கேட்காது. களவு போவது ராத்திரி, நாய் பிடிப்பது விடியற்காலம். எங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலியும் இருந்தது, நல்ல கொட்டகையும் இருந்தது, ஆள் மட்டும் இல்லை. தெருநாய்கள் கும்பலாகப் புகுந்து விடிவதற்குள் பட்டியைக் காலி செய்துவிட்டன. நாய் பசிக்காகக் கடிப்பதில்லை. ஓடுகிறதையெல்லாம் கடித்துப் போட்டுவிட்டு அடுத்ததைத் துரத்தும். ஆகவே முதல் கட்டடம் ஆளுக்கு. ஒரு கட்டில் போடுகிற அளவு ஓலைக் குடிசை, ஒரு சோலார் விளக்கு, ஒரு நாட்டு நாய்க்குட்டி. மச்சினனோ, நீங்கள் சம்பளத்துக்கு வைக்கிற பெரியவரோ, யாராவது ஒருவர் அங்கே படுக்கச் சம்மதித்த பிறகுதான் ஆட்டைப் பற்றிப் பேச வேண்டும். சம்மதிக்கவில்லையா, அந்த 3 ஏக்கரில் மரம் நட்டுவிட்டு நிம்மதியாகக் கடையைப் பாருங்கள். குறைச்சலாக ஒன்றும் இல்லை.

ஆடிக்கு முன் ஆடு வேண்டவே வேண்டாம். ஆடியில் நம் பக்கம் கோயில் கோயிலாகக் கிடா வெட்டு. சந்தை சூடேறிக் கிடக்கும், அந்தச் சூட்டில் தரகர் பெட்டைக்கும் சேர்த்தேதான் விலை சொல்வார். அதுகூடப் பரவாயில்லை. ஆனியில் வாங்கினால் காய்ந்த காட்டில் நிறுத்தி விலைக்குத் தீனி வாங்கிப் போட வேண்டும். அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும், ஆட்டுக்கு வருகிற நோய் முக்கால்வாசி அந்த மழையோடுதான் வரும். இடம் பழகாத ஆடு, ஆடு பழகாத ஆள், ஈரக் கரிசல், மூன்றும் ஒரே மாதத்தில் கூடினால் யாருக்கும் சமாளிக்க வராது.

அதற்குப் பதிலாக இந்த மழையை வெறும் நிலத்தில் பார்த்துவிடுங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, கிணறு எவ்வளவு ஏறுகிறது, பாதையில் மினி லாரி வருமா வராதா, எல்லாவற்றையும் கார்த்திகை முடிவதற்குள் நிலமே காட்டிவிடும். கொட்டகையை எங்கே போடுவது என்று நாங்கள் இங்கே உட்கார்ந்து சொல்வதைவிட அது சரியாகச் சொல்லும். செவல் மேட்டுக்குப் போனால் ஓடைக்கரைப் புதர்களைப் பாருங்கள். பழைய சாக்கு, சோளத்தட்டை, பிளாஸ்டிக் எல்லாம் எந்த உயரத்தில் மாட்டித் தொங்குகிறதோ அதுவரை வெள்ளம் வந்திருக்கிறது. ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டாலும் சொல்வார்கள். ஓடை காய்ந்து கிடக்கிறதே என்று ஏமாற வேண்டாம், மலைப்பக்கம் கொட்டினால் உங்கள் ஊரில் தூறல்கூட இல்லாமல் ஓடையில் தண்ணீர் வரும்.

கருவேல் விஷயத்துக்கு வருகிறேன். ஜேசிபிக்காரரைக் கூப்பிடும் முன் விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் வெட்டுகிறவர்களிடம் பேசுங்கள். மரம் தடிமனாக இருந்தால் அவர்களே வெட்டி எடுத்துக்கொண்டு உங்களுக்குக் காசும் தருவார்கள். ஆனால் வெட்டினால் மட்டும் போதாது, தூரிலிருந்து மறுபடி வெடித்து வரும். முதல் மழை இறங்கி மண் இளகிய பிறகு ஜேசிபி வைத்தால் தூரோடு வரும். இப்போது இறுகிக் கிடக்கிற கரிசலில் தோண்டினால் வாடகைதான் ஓடும். வேலை முடிந்ததும் முள்ளைக் கூட்டி அள்ளி எரித்துவிடுங்கள். டயரிலும் ஏறும், ஆட்டுக் குளம்பிலும் ஏறும்.

மொத்தமாகவும் தள்ளிவிடாதீர்கள். மேற்கிலும் தெற்கிலும் ஒரு வரிசையை விட்டுவையுங்கள். வேறு மரம் நிழல் தருகிற அளவு வளரும்வரை அதுதான் நிழல், அதுதான் காற்றுக்குத் தடுப்பு. கருவேல் நெற்றை ஆடு விரும்பித் தின்னும், சித்திரையில் அது பெரிய உதவி. ஆனால் விதை வயிற்றில் செரிக்காது. புழுக்கையோடு வெளியே வந்து, நீங்கள் எருப் போட்ட இடத்திலெல்லாம் முளைக்கும். நெற்றுத் தின்கிற காலத்து எருவைத் தனியாகக் குவித்து நன்றாக மக்கவிட்டுத்தான் போட வேண்டும். ஊரெல்லாம் கருவேல் பரவியதில் ஆட்டுக்கும் பங்கு உண்டு, யாரும் அதன் மேல் வழக்குப் போடவில்லை.

நிலத்தைத் திறந்தவுடன் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக நடந்து பொறுக்குங்கள். பாட்டில் ஓடு, கம்பி, பாலிதீன், பக்கத்துக்காரர் வீசிய மருந்து டப்பா. பருத்திக்காடு பக்கத்தில் இருக்கிறது என்றீர்களே, அது முக்கியம். மருந்தடித்த பருத்தியில் ஆடு வாய் வைத்தால் பிழைப்பது கஷ்டம். தெற்கு வேலிதான் உங்களுக்கு முதல் வேலி. பருத்திக்காரரிடம் இப்போதே பேசி, மருந்தடிக்கிற அன்று ஒரு போன் பண்ணச் சொல்லுங்கள். இரண்டு கிலோ கறி கொடுத்தாவது அவரோடு சிநேகமாக இருங்கள்.

வேலிக்குக் கணக்குச் சொல்கிறேன். 3 ஏக்கர் 20 சென்ட் சதுரமாக இருந்தாலே சுற்றளவு 1,500 அடி வரும், நீளமாக இருந்தால் இன்னும் கூடும். பத்தடிக்கு ஒரு கல்லுக்கால் என்றால் 150 கால். முழுவதுக்கும் வலை போட்டால் ஆடு வாங்கக் காசு இருக்காது. கிணறும் கொட்டகையும் உள்ளே வருகிற மாதிரி ஒரு ஏக்கரை மட்டும் அடையுங்கள். 840 அடிக்குள் முடியும். ஐந்தடி செயின்லிங்க் வலை. அடியில் நாய் நோண்டாமல் ஒரு வரிசைக் கல்லைப் பதித்துவிடுங்கள். முள்கம்பி மட்டும் போட்டு ஆட்டை அடைக்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் மாடு வளர்த்தவராக இருப்பார். மீதி நிலத்தைச் சுற்றி மழைக்கு முன் கிளுவைக் குச்சி ஊன்றுங்கள், இடையிடையே கிளிரிசிடியா. இரண்டு மூன்று வருடத்தில் அடர்ந்துவிடும், இரண்டின் இலையையும் ஆடு தின்னும். அதனால்தான் வேலி பிடிக்கும்வரை ஆட்டை அந்தப் பக்கம் விடக்கூடாது.

மோட்டார்க்காரருக்குத் தண்ணீரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் புதிதாகப் போர் போடும் முன் அந்தக் கிணற்றைத் தூர்வாரிப் பாருங்கள். வெயில் காலத்தில் ஆடு ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்றாலும் 20 ஆட்டுக்கு 100 லிட்டர்தான். அதற்குப் பழைய கிணறே போதும், தீவனப் பயிருக்குத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். தண்ணீர் உப்பா என்று தெரிந்துகொள்ள ஒத்தக்கடை விவசாயக் கல்லூரியில் மண்ணையும் தண்ணீரையும் கொடுத்துப் பாருங்கள். கிணற்றைச் சுற்றி இடுப்பளவு சுவர் இல்லாமல் ஒரு குட்டியைக்கூட உள்ளே விடாதீர்கள்.

மாடு இப்போது வேண்டாம். அதற்குக் காலை, மாலை கறக்க ஆள் வேண்டும், நீங்கள் இருப்பது பழங்காநத்தத்தில்.

கோழியை வேண்டுமானால் முதலில் விடலாம். சிறுவிடை என்கிற நாட்டுக்கோழி பத்து, ஒரு சேவல். 50 அதுவாகவே ஆகும். ஆளைக் குடிசையில் படுக்கப் பழக்குவதற்கும் கோழிதான் நல்லது. கீரியும் வெருகுப் பூனையும் தூங்க விடாது.


வாடிப்பட்டிக் கிடா:

அக்கா சொன்னதற்கு மேல் நான் என்ன சொல்ல. ஒன்று மட்டும்: வெள்ளாடுதான் வேண்டும் என்று ஏன் முடிவு செய்தீர்கள்? எங்கள் பக்கத்துக் கச்சைகட்டிக் கருப்பு செம்மறியை ஒருமுறை வந்து பாருங்கள். மதுரை மாவட்டத்துக்கே சொந்தமான இனம், வாடிப்பட்டிப் பக்கம் கச்சைகட்டி என்கிற ஊரின் பெயர்தான். எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வருகிறது. கிடா முட்டுக்கு வளர்த்தவர்களால்தான் இவ்வளவு நாள் பிழைத்துக் கிடந்தது. செம்மறி குனிந்து புல் மேயும், உங்கள் கிளுவையை அண்ணாந்து பார்க்காது.


ஓய்வு பெற்ற ஊசி:

கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சுருக்கமாகச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியுமா தெரியவில்லை.

ஆடு வாங்கியதும் நேரே கொட்டகைக்குள் விடாதீர்கள். 30 நாள் தனியாக, எட்டக் கட்டுங்கள். ஒரே இடத்தில் வாங்கியது என்றாலும் சரி. அந்த 30 நாளுக்குள் குடற்புழு மருந்து கொடுத்து, ஆட்டுக்கொல்லி நோய்க்கான ஊசியும் போட்டுவிட வேண்டும். குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் போடலாம், ஒருமுறை போட்டால் மூன்று வருடம் தாங்கும். துள்ளுமாரி நோய்க்கு வருடா வருடம், மழைக்கு முன்னால். முதல் மழையில் முளைக்கிற இளம்புல்லை வயிறு முட்டத் தின்றதும்தான் அது வரும். கொழுத்த ஆட்டைத்தான் பிடிக்கும், காலையில் துள்ளி விழும், டாக்டர் வருவதற்குள் முடிந்துவிடும். முதல் தடவை போடும்போது இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு ஊசி உண்டு, அதை விட்டுவிடுகிறார்கள். செம்மறி வாங்கினால் நீலநாக்கு நோய்க்கும் சேர்த்துக் கேளுங்கள்.

குடற்புழு மருந்தைக் கண்ணால் பார்த்து ஊற்றக் கூடாது. எடை போட்டு, எடைக்குத் தகுந்த அளவு. ஒரே மருந்தையே திரும்பத் திரும்பக் கொடுத்தால் புழு பழகிவிடும். புழுக்கையைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போய்ப் பரிசோதித்துக்கொண்டு கொடுப்பதுதான் முறை.

கோழிக்கு வெள்ளைக்கழிச்சல்தான் எமன். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, நான்காவது வாரத்துக்குள் இன்னொரு முறை, எட்டாவது வாரம் ஊசி. பிப்ரவரியில் துறையே இருவார முகாம் நடத்திக் கிராமத்திலேயே இலவசமாகப் போடும், அதைத் தவறவிடாதீர்கள். வெயில் ஏறுவதற்கு முன் போட்டுவிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மாதம்.

நிலத்தில் பார்க்க வேண்டிய செடிகள்: உண்ணிச்செடி, அரளி, நெய்வேலிக் காட்டாமணக்கு. ஓடையோரத்தில் மூன்றாவது கட்டாயம் இருக்கும். வேரோடு எடுத்துவிடுங்கள். தீவனச்சோளம் போட்டால் பூக்கும் முன் மேயவிடக் கூடாது. அதுவும் தண்ணீர் இல்லாமல் வாடி நின்ற பயிரிலும், வெட்டிய பின் வரும் மறுதாம்பிலும் விஷம் அதிகம். மூச்சு இரைத்து விழுந்துவிடும். உடனே மருத்துவர் ஊசி போட்டால் பிழைக்கும்.

திருப்பரங்குன்றத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. பழங்காநத்தத்திலிருந்து உங்களுக்குக் கூப்பிடு தூரம். வெள்ளாடு வளர்ப்புப் பயிற்சி எப்போது என்று கேட்டு, மச்சினனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணை அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். ஆனால் உங்கள் பாதையில் அந்த வண்டி வருமா என்பதையும் மழையில் பார்த்துக்கொள்ளுங்கள்.


புஞ்சைக்குப் புதுசு:

அக்கா, அய்யா, எல்லோருக்கும் நன்றி. ராத்திரி யார் படுப்பது என்று மச்சினனிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "கரண்ட் வந்தால் படுக்கலாம்" என்றார். சோலார் விளக்கும் போன் சார்ஜரும் நானே பொருத்தித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், யோசிக்கிறார். எஃப்-லைன் மனுவும் கொடுத்தாயிற்று.

இன்னும் சில சந்தேகம். கரிசலில் கொட்டகை எப்படிப் போடுவது? உயரப் பரண் போடச் சொல்லி யூடியூபில் எல்லோரும் சொல்கிறார்கள், பிளாஸ்டிக் பலகை விலை தலை சுற்றுகிறது. 20 ஆட்டுக்கு எவ்வளவு தீவனம் போட வேண்டும்? அரசு மானியம் 50 சதவீதம் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னார், அதை வைத்துப் பெரிதாகச் செய்யலாமா?


கல்லுப்பட்டி அக்கா:

மானியத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அவர் சொல்வது தேசியக் கால்நடை இயக்கத்துத் திட்டமாக இருக்கும். அதில் குறைந்தபட்சமே 100 பெட்டை, 5 கிடா. பாதித் தொகையைத்தான் தருவார்கள், மீதி உங்கள் கையிலிருந்தோ வங்கியிலிருந்தோ வர வேண்டும். 105 ஆட்டுக்கு உங்கள் நிலம் தாங்காது. வளர்க்கத் தெரிந்த பிறகு பார்க்கலாம்.

கொட்டகை. ஆடு ஒன்றுக்கு 12 சதுர அடி என்று வைத்தால் 20 ஆட்டுக்கு 12 அடி அகலம், 20 அடி நீளம். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும், வெயில் உள்ளே அடிக்காது. நம் பக்கம் ஆடிக்காற்று மேற்கேயிருந்து வருகிற வேகம் உங்களுக்குத் தெரியும். குறுகிய பக்கம் அதற்கு முகம் காட்டினால் தகரம் பறக்காமல் நிற்கும். ஐப்பசிச் சாரல் வடகிழக்கிலிருந்து அடிக்கும், அந்த மூலையில் மட்டும் ஓலைத் தட்டி கட்டுங்கள். மற்ற பக்கம் திறந்தே இருக்கட்டும். கூரைக்குத் தகரம் போட்டால் மேலே தென்னங்கிடுகோ பனையோலையோ பரப்பிவிடுங்கள், பங்குனி சித்திரையில் உள்ளே நின்று பார்த்தால் காரணம் தெரியும்.

பரண் நல்லதுதான். கரிசலில் தரைக் கொட்டகை போட்டால் மழைக்காலம் முழுக்கச் சேறு, குளம்பு அழுகும். ஆனால் பிளாஸ்டிக் பலகை கட்டாயம் இல்லை. பனங்கை, அதாவது பனைமரச் சட்டம், வாங்கி அறுத்து அடியுங்கள். இரண்டு சட்டத்துக்கு நடுவே ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் சந்து இருக்கக் கூடாது. புழுக்கை விழ வேண்டும், குட்டியின் கால் விழக் கூடாது. அடியில் ஆள் குனிந்து போய் எரு அள்ளுகிற உயரம் வேண்டும், நாலடியாவது. தூண் ஊன்றும் இடத்தில் கரிசலை வெட்டி எடுத்துவிட்டுச் சரளை போட்டுக் கெட்டிப்படுத்துங்கள். கரிசல் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும், இரண்டே வருடத்தில் தூண் சாய்ந்துவிடும். முதல் வருடம் பரணுக்குப் பணம் இல்லையா, இரண்டடி உயரத்துக்குச் சரளை மேடை கட்டி அதன் மேல் நிறுத்துங்கள், போதும்.

தீவனம். பெரிய ஆட்டுக்கு நாளைக்கு 4 கிலோ பச்சை, 20க்கு 80 கிலோ. கோ 4 தீவனப்புல் நன்றாகத் தண்ணீர் பாய்ந்தால் 25 சென்ட் ஓரளவுக்குச் சமாளிக்கும். நட்டு 75 நாளில் முதல் வெட்டு, பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. ஆனால் புல்லையே போட்டு வெள்ளாட்டை வளர்க்க முடியாது, அது இலை தின்கிற பிராணி. பயறுவகைத் தீவனமான வேலிமசால் 10 சென்ட், வரப்பெல்லாம் அகத்தி மரமும் சூபாபுல் மரமும். சூபாபுல்லை மட்டும் மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகவிடாதீர்கள், முடி கொட்டும். தண்ணீர் எட்டாத நிலத்தில் புரட்டாசி மழைக்குக் கொழுக்கட்டைப்புல்லும் முயல்மசாலும் கலந்து தூவிவிடுங்கள், ஒருமுறை பிடித்தால் வருடக்கணக்கில் நிற்கும். தை மாசியில் ஊரில் உளுந்து, கடலை எடுப்பார்கள். கொடியை விலை பேசி வாங்கி, வைக்கோற்போர் மாதிரி போர் போட்டு வையுங்கள். சித்திரைக்குக் கையில் போர் இருக்கிறவருக்குத்தான் ஆடு நிற்கும், இல்லாதவர் விற்பார்.

உங்கள் நிலம் பல வருடம் எருவே பார்த்திருக்காது. கருவேல் எடுத்த இடத்தில் மந்தையோடு ஊர் ஊராகச் சுற்றும் கீதாரிகளைப் பிடித்து, சில ராத்திரி மந்தையை அங்கே அடைத்துக் கிடை போடச் சொல்லுங்கள். இராமநாதபுரம் பக்கத்து ஆட்டுக்காரர்கள் இந்தக் காலத்தில் நம் பக்கம்தான் சுற்றுவார்கள். லாரி எருவைவிடச் செலவு குறைவு. ஆட்டைப் பற்றி நாலு விஷயம் கேட்டும் தெரிந்துகொள்ளலாம்.

எந்த ஆடு என்றால் கன்னி அல்லது கொடி, இரண்டும் நம் வெயிலில் மேய்ந்து பழகியவை. கன்னி பெரும்பாலும் இரட்டைக்குட்டி போடும். திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போங்கள், வேடிக்கை பாருங்கள், வாங்காதீர்கள். சந்தைக்கு வருகிற பெட்டையில் பாதி யாரோ கழித்துவிட்டது. மலடு, மடி கெட்டது, பல் தேய்ந்தது. விருதுநகர், சாத்தூர்ப் பக்கம் ஆடு வைத்திருப்பவர் பட்டிக்கே போய், தாயைப் பார்த்து, இரட்டையில் பிறந்த, இரண்டு பெரிய பல் முளைத்த இளம் பெட்டையாக எடுங்கள். தையில் ஆறு போதும். அந்தக் கோடையைத் தாண்டிவிட்டீர்கள் என்றால் அடுத்த தையில் மீதி. ஆறு பெட்டைக்காகக் கிடா வாங்கிக் கட்ட வேண்டாம், ஒரு கிடா 20, 25 பெட்டைக்குப் போதும். ஊரில் நல்ல கிடா யாரிடம் இருக்கிறது என்று மச்சினனுக்குத் தெரியும்.


ஓய்வு பெற்ற ஊசி:

கிடை விஷயத்தில் மட்டும் அக்காவோடு ஒரு சின்னச் சண்டை. எரு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் பல ஊர் சுற்றிய மந்தையின் புழுக்கையில் பல ஊர்ப் புழுவும் இருக்கும். கிடை போட்ட இடத்தை உழுது, வெயில் காயவிட்டு, தீவனம் போடுங்கள். உங்கள் குட்டிகள் மேய்கிற இடமாக அதை வைக்க வேண்டாம். கொட்டகை வருகிற பக்கமும் வேண்டாம். ஊரார் கிடாவைக் கொண்டுவந்தாலும் அதன் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.


கல்லுப்பட்டி அக்கா:

அய்யா சொல்வது சரி. கிடையைத் தெற்கு ஓரம், கோ 4 போடப் போகிற இடத்தில் வைத்துக்கொள்ளட்டும். குட்டி அங்கே போகாது.


புஞ்சைக்குப் புதுசு:

சர்வேயர் வந்து அளந்துவிட்டார். பனை வரிசையில் ஏழு மரம் நமக்கு, மீதி பக்கத்துக்காரருக்கு. செவல் மேட்டில் பாதி ஓடைப் புறம்போக்கு. மேலூர் அண்ணன் வாய் முகூர்த்தம். கொட்டகை நடுவில் கிணற்றுக்கு வடக்கேதான் என்று முடிவு, ஆனால் கார்த்திகை வரை கல் வைப்பதில்லை. குடிசைக்கு ஓலை சொல்லியாயிற்று. மச்சினன் பயிற்சிக்கு வருகிறேன் என்கிறார், ஆடு வாங்கவில்லை என்கிற கோபம் மட்டும் இன்னும் இருக்கிறது. வேலிக்குக் கல்லுக்கால் பார்த்தேன், ஆறடிக் கால் விலை படிகிறது. வாங்கிவிடலாமா?


கல்லுப்பட்டி அக்கா:

வாங்காதீர்கள். ஐந்தடி வலைக்கு ஏழடிக் கால் வேண்டும், இரண்டடி மண்ணுக்குள் போய்விடும். கரிசலில் இரண்டடிக்குக் குறைந்தால் நிற்காது. மூலைக்கு நிற்கிற நாலு காலும் எட்டடியாகவே இருக்கட்டும், ஒவ்வொன்றுக்கும் சாய்வுக்கால் கொடுத்தால்தான் வலையை இழுத்துக் கட்ட முடியும். ஏழடி இருப்பு இல்லை என்பார், ஒரு வாரம் பொறுத்தால் வரும். இறக்குகிற அன்று நீங்களே நின்று ஒவ்வொரு காலையும் தட்டிப் பாருங்கள், விரிசல் விட்டது சத்தத்திலேயே தெரியும். மச்சினனுக்குக் கோபம் ஆற வேண்டுமானால் பத்துக் கோழியை இப்போதே வாங்கிக் கொடுங்கள்.